சாம்பல் பூசிய ஓரக்கல்

கணவரை விட்டு விலகியதற்கு மிஸ் வெர்லீன் காடிஸ் ஒரே ஒரு காரணம்தான் சொல்வார். அந்த மனிதர் காரை நடைபாதை மேல் ஏற்றி நிறுத்துவாராம்.

"குடிச்சான், குதிரைப் பந்தயத்துல தோத்தான், அதெல்லாம் பொறுத்துக்கிட்டேன். ஆனா நடக்கிறவங்க பாதையில ரெண்டு சக்கரத்தை ஏத்தி வைக்கிறவன் இருக்கான் பாரு, அவன் எங்க போனாலும் அப்படித்தான். மெத்தையிலயும் முக்கால்வாசி அவனுக்குத்தான்."

இதை அவர் சிரிக்காமல் சொல்வார். கேட்கிறவர்கள்தான் சிரிப்பார்கள். சூரியகாந்தி விதையைப் பல்லால் உடைத்து, தோலைக் காகிதக் கோப்பைக்குள் துப்பிவிட்டுப் பேச்சைத் தொடர்வார். தெருவில் துப்பமாட்டார். தெருவில் துப்புகிறவர்களைப் பற்றியும் அவரிடம் தனியாக ஒரு கருத்து உண்டு.

மிஸ் வெர்லீனுக்கு ஐம்பத்தெட்டு வயது. சான்பிரான்சிஸ்கோவின் தெற்குக் கோடியில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். சக்கர நாற்காலியில் இருப்பவர்களை மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அழைத்துப் போகும் தனியார் நிறுவனமொன்றில் இருபத்திரண்டு வருடமாக வேன் ஓட்டுகிறார். இத்தனை வருடத்தில் அவர் வண்டிக்கு ஓர் அபராதச் சீட்டுகூட வந்ததில்லை. எங்கள் ஊரில் இது சாதாரண விஷயமில்லை. இங்கே பாதிரியார் வண்டிக்கும் சீட்டு வரும், சவ ஊர்திக்கும் வரும்.

இங்கே நடைபாதை ஓரக்கல்லுக்கு ஐந்து நிறம் உண்டு. சிவப்பில் நிற்கவே கூடாது. மஞ்சள் சரக்கு இறக்குவதற்கு. பச்சை கொஞ்ச நேரம் நிறுத்துவதற்கு. நீலம் மாற்றுத்திறனாளி அட்டை வைத்திருப்பவர்களுக்கு. வெள்ளை, ஆள் ஏறி இறங்குவதற்கு மட்டும். அதுவும் ஐந்து நிமிடம்தான், ஓட்டுநர் வண்டியை விட்டு நகரக் கூடாது. ஓட்டுநர் உரிமம் வாங்கிய ஒவ்வொருவரும் இதைத் தேர்வில் சரியாக எழுதியவர்கள்தான். தெரியாமல் யாரும் தப்புச் செய்வதில்லை. எனக்கு அருவருப்பாக இருப்பது அதுதான். எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே வெள்ளைக் கல் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பக்கமும் மஞ்சள் விளக்கை மின்னவிட்டுக் காபி வாங்கப் போய்விடுவார்கள். விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்வரை சட்டம் தூங்கும் என்று ஒரு நம்பிக்கை. அதைக் கோயிலில் விளக்கேற்றுகிறவர்களைப் போலப் பக்தியோடு செய்வார்கள்.

நான் வேலை பார்க்கும் சலவைக்கடை பெர்லிட்டா தெருவில் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே பதினோரு முதியவர்கள் குடியிருக்கும் ஒரு பழைய இரண்டுமாடிக் கட்டடம். அதன் வாசலில் இருபதடி நீளத்துக்கு வெள்ளைக் கல். கட்டடத்தார் ஒவ்வொரு வருடமும் விண்ணப்பம் போட்டு வாங்கி வைத்திருக்கும் இடம் அது. திங்கள், புதன், வெள்ளி காலை பத்து நாற்பதுக்கு மிஸ் வெர்லீன் அங்கே வருவார். தரைத்தளத்தில் இருக்கும் மிஸ்டர் அல்சிட் புரூசார்டை ஏற்றிக்கொண்டு போவார்.

மிஸ்டர் அல்சிடுக்கு எண்பத்தோரு வயது. கப்பல் பழுதுபார்க்கும் துறையில் வெல்டராக இருந்தவர். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டன. வாரம் மூன்று முறை இரத்தத்தைச் சுத்தப்படுத்தினால்தான் உயிர். பதினொன்றே காலுக்குச் சிகிச்சை மையத்தில் அவருடைய இருக்கை தயாராக இருக்கும். போகாவிட்டால் மறுநாளே மூச்சு வாங்கும், முகம் வீங்கிவிடும்.

வேனில் இருந்து சாய்தளத்தை இறக்க வேண்டுமானால் வேன் ஓரக்கல்லை ஒட்டி நிற்கவேண்டும். எங்கள் தெரு செங்குத்தான சரிவு. நடுத்தெருவில் சாய்தளத்தை இறக்கினால் நாற்காலி உருண்டு கீழே போய்விடும். ஆகவே அந்த இருபதடி இல்லையென்றால் மிஸ்டர் அல்சிட் ஏற முடியாது.

நிறுவனத்துக்கு இன்னொரு விதி இருக்கிறது. குறித்த நேரத்துக்கு வேன் வந்து ஐந்து நிமிடத்துக்குள் பயணி ஏறவில்லையென்றால் 'வரவில்லை' என்று பதிவாகும். ஒரு மாதத்தில் அப்படி மூன்று முறை ஆனால் அவருக்கு முப்பது நாள் வண்டி கிடையாது. வண்டியைக் கூப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவர்களுக்காகப் போட்ட விதி. மிஸ்டர் அல்சிட் ஒன்பதரைக்கே தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் வந்து உட்காரும் மனிதர்.

போன வருடம் அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்து வீட்டை ப்ரெஸ்டன் லிண்ட்குவிஸ்ட் வாங்கினான். முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டிலிருந்தே கணினியில் வேலை. வாங்கிய உடனே அந்த மஞ்சள் வீட்டை அடர்ந்த சாம்பல் நிறத்துக்கு மாற்றினான். எங்கள் பக்கத்தில் வெளியாள் வீடு வாங்கினால் முதலில் சாம்பல் பூசுவார்கள். அதைப் பார்த்தே வாடகை ஏறப்போகிறது என்று தெரிந்துகொள்வோம். அவனுக்குச் சொந்தமாகக் கார் கொட்டகை உண்டு. கதவு திறந்திருக்கும்போது பார்த்திருக்கிறேன். மூன்று சைக்கிள், துடுப்புப் போடும் உடற்பயிற்சி இயந்திரம், கூரையில் தொங்கும் ஒரு நீளமான படகு. கார் மட்டும் இல்லை. கார் வெள்ளைக் கல்லில் மின்னிக்கொண்டு நிற்கும்.

மார்ச் முதல் வாரம் மிஸ் வெர்லீன் விடுப்பில் இருந்தார். மாற்று ஓட்டுநர் வந்து, இடமில்லாமல் இரண்டு முறை தெருவைச் சுற்றிவிட்டு, 'வரவில்லை' என்று அழுத்திவிட்டுப் போய்விட்டார். அது ஒன்று.

அடுத்த புதன்கிழமை மிஸ் வெர்லீனே வந்தார். அதே கார். அதே மஞ்சள் விளக்கு. ப்ரெஸ்டன் வீட்டு மணியை அடித்தார். அவன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு யாருடனோ கூட்டத்தில் இருந்தான், கதவைத் திறக்கவில்லை. வேனுக்குள்ளிருந்து கட்டுப்பாட்டு அறை டுவேனின் குரல் தெருவுக்கே கேட்டது.

"வெர்லீன், அஞ்சு நிமிஷம் முடிஞ்சுது. அடுத்த ஆளு காத்துக்கிட்டு இருக்காங்க. அழுத்திட்டுக் கிளம்பு."

"அவரு வந்துட்டாரு டுவேன். தொப்பி போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்துருக்காரு. வராதது நான்தான்."

"அதுக்குத் திரையில பொத்தான் இல்லியே. 'வந்தார்', 'வரவில்லை'. ரெண்டுதான். எது?"

ஏறாத மனிதரை 'வந்தார்' என்று அழுத்த முடியாது. மிஸ் வெர்லீன் மற்றதை அழுத்தினார். அழுத்திவிட்டு மிஸ்டர் அல்சிட் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்தார். மாலையில் மிஸ்டர் அல்சிடின் மருமகள் வேலையைப் பாதியில் விட்டு வந்து, இரண்டு ஆட்களைப் பிடித்து அவரைத் தன் காரில் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை கல் காலியாக இருந்தது. மிஸ்டர் அல்சிட் ஏறும்போது மிஸ் வெர்லீன் சொன்னார்: "மன்னிச்சுருங்க மிஸ்டர் அல்சிட். அன்னிக்கு உங்களை விட்டுட்டுப் போயிட்டேன்."

"அட விடு சக்கரக்கட்டி. என் சிறுநீரகமே என்னை விட்டுட்டுப் போயிருச்சு. நீயாவது திரும்பி வந்தியே."

மிஸ் வெர்லீன் சிரிக்கவில்லை. நாற்காலியை வேனுக்குள் பட்டை போட்டுக் கட்டிவிட்டு நேராகப் போய் ப்ரெஸ்டனைப் பிடித்தார். அன்று அவன் வாசலில் நாயோடு நின்றிருந்தான்.

"ஐயா, அது வெள்ளைக் கல்லுங்க."

"ரெண்டே நிமிஷம்தான் மேடம் நிறுத்தினேன்."

"உங்க ரெண்டு நிமிஷம் நாப்பது நிமிஷமா ஓடுது ராசா. கடிகாரத்தை யாருக்கிட்டயாவது காட்டுங்க. உங்களுக்குக் கொட்டகை இருக்கே?"

"அதுல இடமில்ல."

"தெரியும், பாத்தேன். படகு வீட்டுக்குள்ள, காரு தெருவுல. வெள்ளம் வந்தா ரெண்டும் உதவும்னு வச்சிருக்கீங்களாக்கும்."

அவன் சிரித்தான். உண்மையாகவே நல்ல நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தான். "இந்த வெள்ளையெல்லாம் அந்தக் காலத்துல போட்டது மேடம். இவ்ளோ இடத்தை ஒரே ஆளுக்காக வெட்டியா விட்டு வைக்கிறது நியாயமா, சொல்லுங்க? அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் கஷ்டம்."

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கடையைத் திறக்க வந்தபோது எதிரே எதுவோ குறைந்தது போல இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். வெள்ளைக் கல் இல்லை. இருபதடியும், கல்லின் மேல்முகத்தில் இருந்த கறுப்பு எழுத்துகளும் சேர்த்து, அடர்ந்த சாம்பல் நிறம். பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை. தூரிகையில் இருந்து உதிர்ந்த மயிர் ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது. தலையைத் தூக்கினால் அதே சாம்பல் நிறத்தில் ப்ரெஸ்டனின் வீடு. மீந்த டப்பாவைக்கூட வீணாக்காத சிக்கனக்காரன்.

இதில் வெட்கப்பட வேண்டியது அவன் மட்டுமில்லை. தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். எல்லோருக்கும் அந்த நிறம் தெரியும். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எட்டு மணிக்கு அங்கே மூலை ரொட்டிக்கடைக்காரர் நிறுத்தினார். அவர் எடுத்ததும் பல் மருத்துவர் வீட்டு அம்மா. பிறகு எங்கள் கடைக்குத் துணி துவைக்க வந்தவர்கள். "இன்னிக்கு அதிர்ஷ்டம், வாசல்லயே இடம் கெடைச்சுது" என்று என்னிடமே சொன்னார்கள். நானும் சில்லறை மாற்றிக் கொடுத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

கட்டடத்தின் மேலாளர் நகர அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். புகார் பதிவாகிவிட்டது, பெயின்ட் அடிப்பவர்கள் வரச் சில வாரம் ஆகும் என்றார்கள். அபராதச் சீட்டு எழுதும் வாகன நிறுத்த அதிகாரி லெட்டிசியா சின்ன மூன்றுசக்கர வண்டியில் வந்தபோது மிஸ்டர் அல்சிட் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இங்க வெள்ளை இருந்துச்சும்மா. உனக்கே தெரியும்."

"தெரியும் ஐயா. ஆனா சீட்டு எழுதணும்னா நிறத்தைப் படம் எடுத்து ஒட்டணும். சாம்பலைப் படம் எடுத்து வெள்ளைன்னு எப்படி எழுதுவேன்? தெரியாம நிறுத்தினேன்னு ஒரு ஆளு மேல்முறையீடு போட்டா சீட்டு அன்னிக்கே ரத்து."

அவர் சொன்னதில் தப்பில்லை. நிறம் இல்லாத கல்லில் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

புதன்கிழமை பத்து முப்பத்தெட்டுக்குத் தற்செயலாக ஒரு கார் கிளம்பிப் போனது, மிஸ் வெர்லீன் நுழைந்துவிட்டார். வெள்ளிக்கிழமை அந்த அதிர்ஷ்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை பத்து நாற்பது. ப்ரெஸ்டனின் கார் சாம்பல் கல்லில் மூக்கைச் சரிவுப் பக்கம் வைத்து நிற்கிறது. மஞ்சள் விளக்குகூட இல்லை. இப்போது அது தேவையில்லையே. மிஸ்டர் அல்சிட் தொப்பியோடு வாசலில். மிஸ் வெர்லீன் நடுத்தெருவில் வேனை நிறுத்தினார். பின்னால் இரண்டு கார் ஹாரன் அடித்தன. இன்று ஏறாவிட்டால் மூன்றாவது முறை. முப்பது நாள். மருமகளால் வாரம் மூன்று முறை வேலையை விட்டு வர முடியாது. முப்பது நாள் என்பது மிஸ்டர் அல்சிடுக்கு என்ன என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

மிஸ் வெர்லீன் இறங்கினார். கோபமாக ப்ரெஸ்டன் வீட்டுப் படியேறப் போனவர், பாதியில் நின்றார். குனிந்தார். அவன் காரின் முன்சக்கரத்தைப் பார்த்தார்.

சரிவில் கீழ்நோக்கி நிறுத்தினால் முன்சக்கரத்தைக் கல் பக்கமாகத் திருப்பி, டயர் கல்லில் முட்டும்படி விடவேண்டும். பிரேக் விட்டுப்போனாலும் வண்டி ஓடாது. எங்கள் ஊரில் எந்தச் சட்டத்தை மறந்தாலும் இதை ஒருவரும் மறப்பதில்லை. இயந்திரத்தை அணைக்கும் முன் கை தானாக வளைத்துவிடும். ப்ரெஸ்டனும் வளைத்திருந்தான். நான்கு நாளாக ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை அதே இடத்தில் வந்து, அதே கல்லில் டயரை முட்டவைத்திருந்தான். வீட்டுச் சுவருக்கான பெயின்ட் டயருக்குத் தாங்கவில்லை. இரண்டு சாண் நீளத்துக்கு உரிந்திருந்தது. உள்ளே வெள்ளை. டயரின் பக்கமெல்லாம் சாம்பல்.

"லெட்டிசியா!" என்று மிஸ் வெர்லீன் கத்தினார். வெள்ளிக்கிழமை எங்கள் கடை வரிசைப் பக்கம் தெரு கூட்டும் நாள். கூட்டும் வண்டிக்கு முன்னால் அதிகாரி சீட்டு எழுதிக்கொண்டே வருவார். "ஏ லெட்டிசியா! இங்க வா! இது என்ன நிறம்னு சொல்லு!"

லெட்டிசியா வந்து குனிந்தார். விரலால் தடவினார். பக்கத்தில் சாம்பல் செதில் ஒன்று நகத்தோடு வந்தது. கீழே கறுப்பு எழுத்தின் கால் தெரிந்தது.

"வெள்ளை" என்றார்.

"சத்தமா."

"வெள்ளைதான் மிஸ் வெர்லீன்." கருவியை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். கல்லை ஒன்று, டயரை ஒன்று.

வேனுக்குள் டுவேன் பேசத் தொடங்கிவிட்டார். "வெர்லீன், நேரம் ஆச்சு. அழுத்து."

"அழுத்த மாட்டேன்."

"என்ன?"

"அவரு இருக்காரு, நான் பாத்துக்கிட்டு இருக்கேன். இருக்கிற மனுஷனை இல்லைன்னு சொல்றதுக்கு எங்கம்மா என்னைப் பெக்கல. வேணும்னா நீ இங்க வந்து அவரு முகத்தைப் பாத்துக்கிட்டு அழுத்து."

ப்ரெஸ்டன் கையில் கோப்பையோடு வெளியே வந்தான். "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். நான் நிறுத்தினப்ப இது சாம்பல்."

"ஆமா" என்றார் மிஸ் வெர்லீன். "உங்க வீடு மாதிரியே."

அவன் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் உரக்கச் சிரித்தார்.

"யாரு பூசினதுன்னு உங்களால நிரூபிக்க முடியாது."

"அது வேற புகார் சார். தனியா எழுதுவேன், தனியா விசாரிப்பாங்க" என்றார் லெட்டிசியா. "இப்ப வண்டியை எடுங்க."

"சாவி மேல இருக்கு. கூட்டத்துல இருக்கேன். ரெண்டு நிமிஷம் குடுங்க."

இருபது அடிக்கு அப்பால் ஒரு கிழவர் மடியில் கம்பளி போர்த்திக்கொண்டு காத்திருக்கிறார். அவர் பக்கம் பார்த்துக்கொண்டே மறுபடியும் அந்த 'ரெண்டு நிமிஷம்' அவன் வாயிலிருந்து வந்தது. கெட்டவன் என்றுகூடச் சொல்ல முடியாது. நாயிடம் அன்பாகப் பேசுவான், குப்பையைச் சரியாகப் பிரித்துப் போடுவான். அந்தக் கிழவர் அவன் கண்ணில் படவே இல்லை, அவ்வளவுதான்.

லெட்டிசியா தோளில் இருந்த வானொலியை எடுத்தார். "இழுவை வண்டி ஒண்ணு, பெர்லிட்டா தெரு..."

சாவி அவன் கால்சட்டைப் பையிலேயே இருந்தது.

பத்து ஐம்பத்திரண்டுக்கு வேன் கல்லை ஒட்டி நின்றது. சாய்தளம் இறங்கியது. மிஸ்டர் அல்சிட் ஏறினார். மிஸ் வெர்லீன் திரையில் 'வந்தார்' என்று அழுத்தினார். அன்று அவருக்கு இருபது நிமிடம் குறைவாகத்தான் சிகிச்சை கிடைத்தது. ஆனால் கிடைத்தது. மூன்றாவது முறை பதிவாகவில்லை.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். கட்டளையை மீறியதற்காகவும், அடுத்த பயணியைக் காக்கவைத்ததற்காகவும் மிஸ் வெர்லீனுக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. வழித்தடத்தையும் மாற்றிவிட்டார்கள், இப்போது நகரத்தின் மேற்குப் பக்கம் ஓட்டுகிறார். ப்ரெஸ்டன் சீட்டுக்கான பணத்தைக் கட்டிவிட்டான். பூசியது யார் என்ற விசாரணை இன்னும் நடக்கிறதாம். பெயின்ட் அடிப்பவர்கள் வருவதற்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும், இரண்டு சாண் வெள்ளை மட்டும்தான் தெரிகிறது, மீதி சாம்பல்தானே என்று, சின்னக் கார் வைத்திருப்பவர்கள் அதில் நிறுத்தத்தான் செய்தார்கள். பத்தரை மணி ஆனால் நான் தெருவுக்குப் போய் ஒவ்வொருவரையும் எடுக்கச் சொன்னேன். ரொட்டிக்கடைக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

மிஸ்டர் அல்சிட் திங்கள், புதன், வெள்ளி போய் வருகிறார். புது ஓட்டுநர் அவரைக் கட்டி முடிக்கும்வரை முகம் வேனின் கண்ணாடியில் தெரியும். ப்ரெஸ்டன் நாயோடு அந்தப் பக்கம் வந்தால் நின்று, சிரித்து, கை அசைப்பான். மிஸ்டர் அல்சிட் அவனை நன்றாகப் பார்ப்பார். கம்பளிக்குள்ளிருந்து கையை எடுக்கமாட்டார்.